1967-லிருந்து கேரி ஃபார்வர்டு!

1892-ல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஸ்டான்லி பிரபு, லண்டனில் ஒரு வெள்ளிக் கிண்ணம் வாங்கச் சொன்னார். விலை 10 கினி. கல்யாணப் பந்தியில் பாயச வாளிக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான் சைஸ். ஐஸ் ஹாக்கியில் கெட்டிக்காரர்கள் யாரோ அவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று கொடுத்துவிட்டு, அடுத்த வருஷமே இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டார். தன் பெயரில் நடக்கிற போட்டியில் ஒரு மேட்ச்கூட அந்த மனுஷர் பார்த்ததில்லை!

நான் பி.காம்., சார். எந்தச் சொத்தைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்குப் போடத் தோன்றும். 10 கினி பாத்திரத்துக்கு வருஷம் 10 சதவிகிதம் கழித்தால், இன்றைக்கு அதன் புத்தக மதிப்பு பழைய பேப்பர்க்காரர்கூடச் சீண்டாத தொகை. ஆனால் அதற்காகத்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கான பேர் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் வரைக்கும் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். ஆடுகிறவர்கள் பல்லைத் தொலைக்கிறார்கள்.

ஸ்டான்லி கப்.

கிண்ணத்துக்குக் கீழே பீப்பாய் மாதிரி அடுக்கடுக்காக வளையங்கள். ஜெயித்த டீமின் பெயர், ஆடியவர்களின் பெயர் எல்லாவற்றையும் அதில் செதுக்குகிறார்கள். மொத்தம் சுமார் 15 கிலோ, மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். நம்மூர்க் கல்வெட்டு மாதிரி எழுத்துப் பிழைகளும் உண்டு. 1963-ல் டொரான்டோ லீஃப்ஸ் என்று செதுக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்’புக்குப் பதிலாக ‘ஈ’ விழுந்துவிட்டது. 1972-ல் பாஸ்டன் என்பதில் இரண்டு ‘ஓ’வும் ‘க்யூ’வாகிவிட்டன. 1984-ல் ஜெயித்த எட்மன்டன் டீமின் முதலாளி, ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத தன் அப்பாவின் பெயரையும் நைசாகச் சேர்த்துவிட்டார். கண்டுபிடித்து, அதன் மேல் 16 ‘எக்ஸ்’ எழுத்து அடித்து மறைத்தார்கள். இன்றைக்கும் அந்த அடித்தல் திருத்தல் அப்படியே இருக்கிறது. எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?

ஜெயித்த டீமில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் கப்பை வீட்டுக்குக் கொண்டுபோக உரிமை உண்டு. வெள்ளைக் கையுறை போட்ட காவலர் ஒருவர் கூடவே வருவார், பெண் வீட்டுச் சீரோடு வருகிற மாமா மாதிரி. ஒருத்தர் அதில் தண்ணீர் ஊற்றித் தன் குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்வித்திருக்கிறார். 1994-ல் ஒரு பந்தயக் குதிரை அதில் தீனி தின்றது. 1924-ல் மான்ட்ரியால்காரர்கள் போகிற வழியில் டயர் பஞ்சராகி, கப்பை ரோட்டோரம் இறக்கிவைத்துவிட்டு, டயரை மாற்றிக்கொண்டு போயே போய்விட்டார்களாம். ஞாபகம் வந்து திரும்பி வந்தால், வைத்த இடத்திலேயே பத்திரமாக இருந்ததாம். பாண்டி பஜாரில் வைத்துப் பார்க்கட்டுமே!

நம்மூரில் ‘ஹாக்கி’ என்றால் புல்தரையும், பாஸ்கரனும், 1980 மாஸ்கோ தங்கமும்தான். கனடாவில் ‘ஹாக்கி’ என்றால் ஐஸ்தான். நம்முடையதைச் சொல்ல வேண்டுமானால் ‘ஃபீல்டு ஹாக்கி’ என்று அடைமொழி சேர்க்க வேண்டும். எட்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய நமக்கே அடைமொழியா என்று முதலில் எனக்குக் கோபம்தான். ஆட்டத்தைப் பார்த்தபிறகு கோபம் ஆறிவிட்டது.

200 அடிக்கு 85 அடி ஐஸ் தளம். ஓரத்தில் வேலி மாதிரி பலகை. பந்துக்குப் பதிலாக ரப்பர் வில்லை. பேர் ‘பக்’. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலக் கனம். துள்ளக்கூடாது என்று அதை ஃப்ரீஸரில் வேறு வைத்து எடுக்கிறார்கள். அது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, ஒருவர் அதன் குறுக்கே போய் வேண்டுமென்றே விழுகிறார், ஐயா! கோலி அல்ல, சாதாரண ஆட்டக்காரர். கிரிக்கெட்டில் சில்லி பாயிண்ட்டில் நிற்கிறவரே பந்து வந்தால் முதுகைக் காட்டுவார். இங்கே மார்பைக் காட்டுகிறார்கள்.

இன்னொரு விசேஷம், ஆள் மாற்றுவது. ஒருவர் முக்கால் நிமிஷம் உயிரைக் கொடுத்து ஓடுவார். அப்புறம் பெஞ்சுக்கு வந்து பலகையைத் தாண்டிக் குதிப்பார், இன்னொருவர் உள்ளே குதிப்பார். ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். அம்பயரிடம் கேட்க வேண்டாம், தண்ணீர் பாட்டில், கிளவுஸ் மாற்றுதல் எதுவும் கிடையாது. பல்லவன் பஸ்ஸில் ஓடி ஏறிப் பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

கிரிக்கெட்டுக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. தப்பு செய்தவரை இரண்டு நிமிஷம் ஒரு கூண்டில் உட்கார வைத்துவிட்டு, எதிர் டீம் ஓர் ஆள் கூடுதலாக ஆடும். அதற்குப் பெயர் பவர் பிளே. கிரிக்கெட்டில் அந்த வார்த்தை வந்தது 2005-ல்தான். பதிலுக்கு ஹாட்ரிக் நாம் கொடுத்தது. 1858-ல் ஸ்டீஃபன்சன் என்ற பவுலர் தொடர்ந்து மூன்று விக்கெட் எடுத்ததற்கு வசூல் செய்து தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர். ஹாக்கியில் ஒருவர் மூன்று கோல் போட்டால், ரசிகர்கள் தங்கள் தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி ஐஸில் வீசுகிறார்கள். டெட்ராய்ட்காரர்கள் ஆக்டோபஸ்ஸையே வீசுவார்கள். 1952-ல் மீன் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் ஆரம்பித்த பழக்கம். அப்போது கப் வாங்க 8 வெற்றி போதும், ஆக்டோபஸ்ஸுக்கு 8 கை. கணக்கு சரிதானே?

இப்போது 8 போதாது, 16 வேண்டும். 16 டீம்கள், நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே எதிரியோடு ஏழு மேட்ச் வரைக்கும் மோதி நான்கு ஜெயிக்க வேண்டும். இரண்டு மாசம்! உலகக் கோப்பை ஃபைனலில் ஒரே ஒரு நாள் நமக்குச் சளி பிடித்தால் நாலு வருஷ உழைப்பு போச்சு. இங்கே சளி பிடித்தால் நாளை மறுநாள் இன்னொரு மேட்ச் இருக்கிறது. அதிர்ஷ்டத்தில் ஒரு மேட்ச் ஜெயிக்கலாம், பதினாறு ஜெயிக்க முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. இந்தப் போட்டியில் சமன் ஆனால் குறுக்கு வழி கிடையாது. 2019 லார்ட்ஸ் ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? மேட்ச் டை, சூப்பர் ஓவரும் டை. கடைசியில் பவுண்டரியை எண்ணினார்கள். இங்கிலாந்து 26, நியூஸிலாந்து 17, எடு கப்பை! 2022 கால்பந்து ஃபைனலில் மெஸ்ஸியும் எம்பாபேயும் 120 நிமிஷம் நம் பி.பி.யை ஏற்றிவிட்டு, கடைசியில் பெனால்டி உதைத்து முடித்தார்கள். ஸ்டான்லி கப்பில் அந்த ஜோலியே இல்லை. இன்னொரு 20 நிமிஷம் ஆடு. அதிலும் கோல் இல்லையா, இன்னொரு 20. யாராவது ஒரு கோல் போடும் வரை ஆடு. 1936-ல் டெட்ராய்டும் மான்ட்ரியால் மரூன்ஸும் ராத்திரி எட்டரைக்கு ஆரம்பித்து, ஆறாவது ஓவர்டைமில் ஒருவழியாகக் கோல் விழுந்தபோது மணி அதிகாலை இரண்டரையை நெருங்கிவிட்டது. எங்கள் தெரு அம்மன் கோயில் கச்சேரிகூட அதற்கு முன்னால் முடிந்துவிடும்.

தாடி எடுக்க மாட்டார்கள். டீம் தோற்றால் அல்லது கப் வந்தால்தான் ஷேவிங். மலைக்கு மாலை போட்ட மாதிரி. ஜெயிக்காதவர் கப்பைத் தொடவும் மாட்டார். இரண்டு வாரம் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்தவர்கள், தொடர் முடிந்ததும் வரிசையாக நின்று எல்லோரோடும் கை குலுக்குவார்கள். கை குலுக்கலாமா வேண்டாமா என்று நம் கிரிக்கெட்டில் தலைப்புச் செய்தி வருகிற காலத்தில், இது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இத்தனையும் இவனுக்கு எப்படித் தெரியும், ஐஸ் என்றால் கரும்பு ஜூஸில் போடுவது மட்டும்தானே மெட்ராஸில் என்று கேட்பீர்கள்.

எல்லாம் நைட் ஷிஃப்ட் தந்த ஞானம். 2011-ல் படிப்பு முடித்த கையோடு, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். கனடா கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்தே கணக்கு எழுதுகிற வேலை. இரவு 8-லிருந்து காலை 5 வரை இன்வாய்ஸ், இன்வாய்ஸ், இன்வாய்ஸ். அந்தப் பக்கம் எங்களுக்கு மேல் அதிகாரி ஒருவர், டொரான்டோவில். நேரில் பார்த்ததில்லை, ஹெட்ஃபோனில் குரல் மட்டும். தங்கமான மனுஷர். ஆனால் சில நாள் தங்கம், சில நாள் தகரம். ஏன் என்று கண்டுபிடித்தது எங்கள் டீம் லீடர் அக்காதான். “டேய், நேத்து இலை ஜெயிச்சுதா தோத்துதான்னு பாத்துட்டு அந்தப் பெண்டிங் ஃபைலை அனுப்புங்கடா!”

இலை என்றதும் கட்சிச் சின்னம் ஞாபகத்துக்கு வர வேண்டாம். இது டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ். லீஃப் என்பதற்குப் பன்மை லீவ்ஸ் என்று ஆறாம் கிளாஸில் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். டொரான்டோவில் லீஃப்ஸ்தான், கேட்கக்கூடாது. அதிகாரிக்கு நாங்கள் ‘இலை மாமா’ என்று பெயர் வைத்தோம்.

லீஃப்ஸ் சாதாரண டீம் இல்லை. 13 தடவை கப் வாங்கியவர்கள். மான்ட்ரியாலுக்கு (24) அடுத்தபடி அவர்கள்தான். ஆனால் பதின்மூன்றாவது கப் வந்தது 1967 மே 2-ம் தேதி. அப்போது லீகில் மொத்தமே ஆறு டீம். அடுத்த சீசனில் 12 ஆக்கினார்கள், இப்போது 32. நானும் பார்த்துவிட்டேன், 2025 வரைக்கும் பதினாலாவது வரவில்லை. ஃபைனலுக்கே போகவில்லை!

நம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு ஷரத்து உண்டு. வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அடுத்த 8 வருஷத்துக்கு அதை கேரி ஃபார்வர்டு செய்யலாம். அதற்குள் லாபம் வந்து ஈடுகட்டவில்லை என்றால், நஷ்டம் காலாவதி. மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் நியாயமான சட்டம். 8 வருஷத்துக்கு மேல் ஒருவன் எதையும் சுமக்கக்கூடாது. டொரான்டோக்காரர்கள் 1967-லிருந்து சுமக்கிறார்கள். சுமப்பதோடு நில்லாமல் பிள்ளைகள் பெயருக்கு வேறு மாற்றி எழுதுகிறார்கள்.

இலை மாமாவுக்கு 1967-ல் ஒன்பது வயசு. அப்பா மடியில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தாராம். அடுத்த வருஷமும் ஜெயிப்பார்கள் என்று நினைத்தாராம். “ஒன்பது வயசில் எல்லாம் வருஷா வருஷம் வரும்னு தோணும், பிறந்தநாள் மாதிரி” என்றார் ஒருநாள், மன்த் எண்ட் வேலை முடிந்து லைன் சும்மா இருந்தபோது.

2013-ல் ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் லீஃப்ஸ் பிளே-ஆஃப் வந்தார்கள். முதல் சுற்றில் பாஸ்டனோடு ஆறு மேட்ச் முடிந்து 3-3. ஏழாவது மேட்ச் பாஸ்டனில், மே 13 ராத்திரி. நமக்கு மே 14 விடியற்காலை நாலரை.

அந்த வீட்டில் மூன்று தலைமுறை டி.வி. முன்னால். எண்பதைத் தாண்டிய பெரியவர், இலை மாமா, பதினாலு வயசுப் பையன். பையன் ஏற்கெனவே நோட்டீஸ் கொடுத்திருந்தானாம். ‘இன்னிக்குத் தோத்தா நான் பிட்ஸ்பர்க் பக்கம் போயிடுவேன்.’ பிட்ஸ்பர்க்கில் கிராஸ்பி இருந்தார், 2009-ல் கப் வாங்கியிருந்தார்கள். புத்திசாலிப் பையன். முதல் நாள் இலை மாமா எங்களிடம் சொன்னார்: “போகட்டும்னுதான் தோணுது. எங்கப்பா எனக்குக் குடுத்ததை நான் அவன் தலையில் கட்டணுமா?” கணக்குப் பிரிவில் இருந்த ஆறு பேரும் கப்சிப். அதுவரை எங்களுக்கு அது ஃபைல் அனுப்பலாமா வேண்டாமா என்கிற விஷயமாகத்தான் இருந்தது.

ஷிஃப்ட் 5 மணிக்கு முடிந்தும் நாங்கள் கிளம்பவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வீடியோ வராது. ஸ்கோர் மட்டும் காட்டுகிற ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ். கேப் டிரைவர் மேலே வந்துவிட்டார்.

“என்ன சார், ஐ.பி.எல்.லா இந்நேரத்துல?”

“இல்லண்ணே, ஹாக்கி. ஐஸ் மேல ஆடறது.”

“ஐஸ் மேல எதுக்கு சார் ஆடணும், தரை இல்லியா அவங்க ஊர்ல?” என்றபடி அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசி 20 நிமிஷத்தில் டொரான்டோ 4, பாஸ்டன் 1. இலை மாமாவிடமிருந்து சாட்டில் ஒரு வரி: “நாளைக்கு உங்க எல்லாருக்கும் பீட்சா, என் செலவு.” அக்கா கை தட்டினார். டிரைவர் அண்ணனும் என்னவென்று தெரியாமலே தட்டினார்.

அப்புறம் 4-2.

ஹாக்கியில் தோற்கிற டீம் கடைசி ஒன்றிரண்டு நிமிஷத்தில் கோலியையே வெளியே கூப்பிட்டுக்கொண்டு, அவருக்குப் பதிலாக ஓர் ஆட்டக்காரரை இறக்கும். வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊரைக் கொள்ளையடிக்கப் போவது மாதிரி. வேறெந்த ஆட்டத்திலும் இப்படி ஒரு துணிச்சலை நான் பார்த்ததில்லை. பாஸ்டன் அதைச் செய்தது. 82 விநாடி பாக்கி இருக்கும்போது 4-3. 51 விநாடி பாக்கி இருக்கும்போது 4-4. ஓவர்டைமில் ஆறு நிமிஷம் ஓடியது. 5-4, பாஸ்டன்.

சாட்டில் ஒன்றும் வரவில்லை. கேப் கிளம்பும்போது வெயில் வந்துவிட்டது.

மறுநாள் அவர் வழக்கமான நேரத்துக்கு லைனில் வந்து, சரியாக மூன்று இன்வாய்ஸில் தப்புக் கண்டுபிடித்தார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அக்காதான் தயங்கித் தயங்கிக் கேட்டார், பையன் பிட்ஸ்பர்க் போய்விட்டானா என்று.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார். 4-1 ஆனதும் பையன் ஓடிப்போய்த் தாத்தாவின் பழைய நீல ஜெர்சியை எடுத்து மாட்டிக்கொண்டானாம். முழங்கால் வரை தொங்குமாம். மேட்ச் முடிந்தபிறகு யாரும் யாரோடும் பேசவில்லை. காலையில் பார்த்தால், அதே ஜெர்சியோடு தூங்கி எழுந்து, அதே ஜெர்சியோடு ஸ்கூலுக்குக் கிளம்புகிறான். பஸ்ஸில் பாஸ்டன் ஜெர்சி போட்ட ஒருத்தனோடு சண்டை வேறு.

“மாட்டிக்கிட்டான்” என்றார் இலை மாமா. அதைச் சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று ஹெட்ஃபோனில் எங்களுக்குப் பிடிபடவில்லை. பீட்சா மட்டும் சொன்னபடி வந்தது.

நான் சி.எஸ்.கே. ரசிகன். ஐந்து கப். இரண்டு வருஷம் தடை வந்தபோதுகூட, திரும்பி வந்த 2018-லேயே கப்போடு வந்துவிட்டார்கள். ஒரு சீசன் கடைசி இடத்துக்குப் போனாலே எங்கள் தெருவில் துக்கம் விசாரிக்கிறார்கள். பெங்களூர்க்காரர்களைப் பதினேழு சீசன் கிண்டல் அடித்தோம், பதினெட்டாவதில், 2025-ல், வாங்கிவிட்டார்கள். ஆனாலும் ஐ.பி.எல்.லில் ஒரு சமாதானம் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மெகா ஏலம், பாதி டீம் மாறிவிடும். தோற்றது வேறு ஆட்கள், இது புது ஆட்கள் என்று மனசைத் தேற்றலாம். லீஃப்ஸிலும் ஆட்கள் எத்தனையோ தடவை மாறிவிட்டார்கள். தோல்வி மட்டும் பெர்மனென்ட் ஸ்டாஃப்.

நான் 2016-ல் வேலையை விட்டுவிட்டு எழுத வந்தேன். இலை மாமாவோடு மெசேஜ் தொடர்பு விடவில்லை. அவர் மூலமாகத்தான் எனக்கு ஹாக்கியின் மிகப் பெரிய ஹீரோ அறிமுகமானார். கிரெட்ஸ்கியா என்று கேட்காதீர்கள். ஸ்காட் ஃபாஸ்டர். தொழில்: அக்கவுன்டன்ட்!

விஷயம் இதுதான். ஒரு டீமின் இரண்டு கோலிகளுமே அடிபட்டுவிட்டால் என்ன செய்வது? அப்போதிருந்த விதிப்படி ஒவ்வொரு ஸ்டேடியத்திலும் அவசரத்துக்கு ஒரு லோக்கல் கோலியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஓசியில் மேட்ச் பார்க்கலாம், சாப்பாடு உண்டு. எந்த டீமுக்குத் தேவையோ அந்த டீமுக்கு இறங்க வேண்டும். அநேகமாகத் தேவையே வராது. 2018 மார்ச் 29 அன்று சிகாகோவில் வந்துவிட்டது. ஃபாஸ்டருக்கு அப்போது 36 வயசு. பகலில் ஆபீஸில் கணக்கு, ஓய்வு நேரத்தில் நண்பர்களோடு ஹாக்கி. அன்றைக்கும் ஆபீஸ் வேலையைப் பார்த்துவிட்டு வந்தவர், ராத்திரி பல்லாயிரம் பேர் முன்னால் உலகத்தின் நம்பர் ஒன் லீகில் கோல் போஸ்ட்டில் நிற்கிறார். எதிரே வின்னிபெக். 14 நிமிஷம். ஏழு ஷாட். ஏழையும் தடுத்தார்! சிகாகோ 6-2-ல் ஜெயித்தது. அதோடு சரி, லீகில் அவர் ஆடியது அந்த 14 நிமிஷம்தான்.

எனக்கும் இப்போது 36. நானும் டெபிட் கிரெடிட் எழுதியவன். சேப்பாக்கத்தில் இரண்டு விக்கெட் கீப்பருக்கும் கை உடைந்து, மைக்கில் ‘கேலரியில் பி.காம். யாராவது இருக்கீங்களா?’ என்று கூப்பிடுகிற கனவு எனக்கு வாரம் ஒரு தடவை வருகிறது. கிரிக்கெட்டில் நடக்காது, கால்பந்திலும் நடக்காது. ஹாக்கியில் நடந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற ஆட்டங்களுக்கு மேல் அரை மார்க் கூடப் போடுவேன்.

இன்னொரு தடவை நடந்தபோது பலியானது யார் என்கிறீர்கள்? லீஃப்ஸேதான்! 2020 பிப்ரவரி 22, டொரான்டோவில் கரோலினா டீமோடு மேட்ச். கரோலினாவின் இரண்டு கோலிகளும் அடுத்தடுத்து காலி. முதலில் அடிபட்டவர் ஜேம்ஸ் ரைமர். அவர் யார் தெரியுமா? 2013-ல் பாஸ்டனில் அந்த 4-1 மேட்சில் லீஃப்ஸின் கோலியாக நின்றவர். விதி எங்கெங்கே ரவுண்டு அடிக்கிறது பாருங்கள். அவசர கோலியாக இறங்கியவர் டேவிட் அயர்ஸ், வயசு 42. ஐஸ் தளத்தை வழவழப்பாக்குகிற வண்டி ஒன்று உண்டு, ஜாம்போனி என்று பெயர். அதை ஓட்டியவர். 2004-ல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் ஆனவர், கொடுத்தது அவருடைய அம்மா. லீஃப்ஸுக்கே பிராக்டீஸில் கோலியாக நின்று உதவியவர். முதல் இரண்டு ஷாட்டும் கோல். சரி, ஆள் அவ்வளவுதான் என்று பார்த்தால், அடுத்து வந்த எட்டையும் தடுத்துவிட்டார். கரோலினா 6, டொரான்டோ 3.

நான் இலை மாமாவுக்கு மெசேஜ் அனுப்பவில்லை. வெந்த புண்ணில் என்னத்துக்கு வேல்? அவரே அனுப்பினார்: “எங்க வண்டிக்காரர்கிட்டயே தோத்துட்டோம். ஆனா அவர் அந்த எட்டாவது ஷாட்டைத் தடுத்தப்ப நான் எழுந்து நின்னு கை தட்டிட்டேன். எங்கப்பா இருந்திருந்தா திட்டியிருப்பார்.” பெரியவர் 2017-ல் போய்விட்டார். 1967-லிருந்து சரியாக ஐம்பது வருஷம் காத்திருந்துவிட்டு.

கனடாவே காத்திருக்கிறது என்பது வேறு கதை. அந்த நாட்டு டீம் ஒன்று கடைசியாகக் கப் தூக்கியது 1993-ல், மான்ட்ரியால். அதற்கப்புறம் 2025 வரைக்கும் எட்டு தடவை ஃபைனலில் தோல்வி. 2024-லும் 2025-லும் எட்மன்டனை வென்றது யார்? ஃபுளோரிடா! ஐஸ் என்றால் எங்களை மாதிரி ஜூஸில் போடுகிற ஊர். அங்கே ரசிகர்கள் வீசுவது பிளாஸ்டிக் எலி. அவர்கள் ஆட்டக்காரர் ஒருவர் டிரெஸ்ஸிங் ரூமில் ஓர் எலியை ஹாக்கி மட்டையால் அடித்துவிட்டு வந்து இரண்டு கோல் போட்டாராம். எலிக்கு இருக்கிற ராசி இலைக்கு இல்லை.

இதில் ஒரு கெடுவும் இருக்கிறது. கப்பின் பெரிய வளையங்கள் ஐந்துதான். ஒவ்வொன்றிலும் 13 சாம்பியன்கள். எல்லாம் நிரம்பியதும், பழைய வளையத்தைக் கழற்றி டொரான்டோவில் இருக்கிற ஹாக்கி மியூசியத்தில் வைத்துவிட்டு, கீழே புதிதாக ஒன்று சேர்க்கிறார்கள். 2018-ல் அப்படி ஒன்று கழன்றது. இப்போது மேலே இருக்கும் வளையத்தில்தான் 1967 டொரான்டோ இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2030-ஐ ஒட்டி அதுவும் கழன்றுவிடும். அதற்குள் ஒரு தடவை ஜெயிக்காவிட்டால், கப்பின் பெரிய வளையங்கள் எதிலும் டொரான்டோவின் பெயர் இருக்காது. மியூசியத்திலிருந்து லீஃப்ஸ் ஸ்டேடியத்துக்கு நடந்து போகிற தூரம். டிக்கெட் வாங்கினால் வளையத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

இலை மாமாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “எட்டு வருஷ ரூல் எங்களுக்கும் வந்துடுச்சு” என்று எழுதினார். என் இன்கம்டாக்ஸ் ஜோக்கை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறார்!

2025 மே 18, இரண்டாவது சுற்று, ஏழாவது மேட்ச், அதே ஃபுளோரிடாவோடு, இந்தத் தடவை சொந்த ஊரில். நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணி. இப்போது எனக்குப் போனிலேயே படம் வருகிறது. ரிடையராகிவிட்ட இலை மாமா வீட்டில், இருபத்தாறு வயசுப் பையன் ஸ்டேடியத்தில். டிக்கெட் என்ன விலை என்று கேட்டேன். ‘என் பொண்டாட்டிக்குத் தெரியாது’ என்று பதில் வந்தது.

6-1. ஃபுளோரிடா.

ஆட்டம் கைவிட்டுப் போனதும் ரசிகர்கள் தங்கள் ஜெர்சியைக் கழற்றி ஐஸ் மேல் வீச ஆரம்பித்தார்கள். நீலமும் வெள்ளையுமாக வந்து விழுந்தன. ஹாட்ரிக்குக்குத் தொப்பி விழுகிற அதே இடம். என் காபி ஆறிவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்து மெதுவாகக் கேட்டேன், பையனும் வீசிவிட்டானா என்று.

பதில் வர மத்தியானம் ஆயிற்று. “வீசலையாம். அது தாத்தா ஜெர்சிதான், தெரியுமே. ஏன்டா வீசலைன்னு கேட்டேன். வெளியில குளிரா இருந்துச்சுப்பா, ரயில் பிடிக்க நடக்கணுமேன்னு சொல்றான்.”